கம்பி நிழல் ஊராமல் நிற்க: ஷேடோ மேப் ஏலியாசிங்கைக் குறைக்கும் வழி

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் பல்கனி கடலைப் பார்த்தது. பின்னேரம் ஐந்து மணி தாண்டினால் வெயில் ஒழுங்கை நீளத்துக்கும் படுத்துக்கொண்டு வரும். பல்கனிக் கிறிலின் நிழல் முதலில் வாசற்படியில் விழும், பிறகு மெல்ல மெல்ல உள்ளே ஏறி, கடைசியில் சாமிப்படம் மாட்டிய சுவரைத் தொடும். அம்மா அந்த நேரத்தில் மணிக்கூடு பார்ப்பதில்லை. நிழல் சுவரைத் தொட்டால் விளக்கு வைக்கிற நேரம்.

அந்த நிழலைக் கணினியில் செய்வதுதான் என் தொழில். கட்டி முடியாத தொடர்மாடி வீடுகளை வாங்க வருகிறவர்கள், திரைக்குள் நடந்து திரிந்து பார்க்கும்படி காட்சி செய்து கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் எனக்கு மறக்க முடியாத ஒரு நாள் இருக்கிறது. ஒரு கட்டட நிறுவனத்தின் விற்பனை அறையில், மகனோடு வீடு பார்க்க வந்த ஒரு அம்மா, பெரிய திரையில் எங்கள் பல்கனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கமெராவை மெல்ல முன்னே நகர்த்தினேன். "பிள்ளை, தரையிலை என்ன, எறும்பே ஊருது?" என்று கேட்டார். ஊர்ந்தது கம்பி நிழலின் விளிம்பு. கமெரா ஒரு அடி நகர, விளிம்பின் படிக்கட்டுகள் எல்லாம் இடம் மாறி மாறி மினுங்கின. அவர் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி. அந்த வீட்டுக்கு முப்பது வருடக் கடன் எடுக்கப் போகிறவர் பார்க்கிற தரை அது.

சதுரங்களால் ஆன படத்தில் விளிம்பு இப்படிப் படிக்கட்டாக உடைவதை ஏலியாசிங் என்பார்கள். அது ஊர்வதற்கு அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் எறும்பு என்றே பெயர். எறும்பை விரட்ட நான் கற்றதை இங்கே எழுதுகிறேன். ஓப்பன்ஜிஎல், வல்கன், டைரக்ட்எக்ஸ் என்ற வரைகலை நூலகங்களில் எதில் வேலை செய்தாலும் பொருந்தும். ஷேடர் (பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) எழுதத் தெரிந்தவர்களுக்கு உடனே பயன்படும். யூனிட்டி, அன்ரியல் போன்ற கேம் எஞ்சின் பாவிக்கிறவர்களுக்கு, அங்கே இருக்கிற செட்டிங்குகள் உள்ளே என்ன செய்கின்றன என்று விளங்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்கிற தம்பிமார் எல்லோரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, ஃபில்டர் சைஸைக் கூட்டட்டா?" என்பதுதான். ஃபில்டர் நிழலின் விளிம்பை மங்கலாக்கும். கூட்டலாம், ஆனால் கடைசியில். முதலில் டெக்ஸல்களை, அதாவது ஷேடோ மேப்பின் சிறு சதுரங்களை, கண் பார்க்கிற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அவற்றை அசையாமல் நிறுத்த வேண்டும். பிறகு பயஸை, அதாவது தூரங்களை ஒப்பிடும்போது விடும் சிறு இடைவெளியை, சரிசெய்ய வேண்டும். மங்கலாக்குவது அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கு மாறினால், எறும்பு போகாது. மங்கலான எறும்பாக ஊரும்.

எறும்பு எங்கிருந்து வருகிறது

ஷேடோ மேப் என்பது சூரியன் இருக்கும் இடத்திலிருந்து எடுத்த ஒரு படம். நிறத்துக்குப் பதில் தூரத்தைப் பதிந்த படம். லான்ஸ் வில்லியம்ஸ் 1978இல் இதை முன்வைத்தார். கமெராவில் தெரிகிற ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, சூரியனிலிருந்து அதன் தூரம் என்ன, மேப்பில் பதிந்த தூரம் என்ன என்று ஒப்பிடுகிறோம். மேப்பில் இருப்பது குறைவென்றால் இடையில் ஏதோ மறிக்கிறது, அதனால் நிழல். யோசனை மிக எளிமையானது. சிக்கல், அந்தப் படமும் சதுரங்களால் ஆனது, நம் திரையும் சதுரங்களால் ஆனது, இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது என்பதில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒழுங்கையையும் சுற்றுக் கட்டடங்களையும் சேர்த்து 300 மீற்றர் அகலக் காட்சி. ஷேடோ மேப் 2048க்கு 2048. ஒரு டெக்ஸல் தரையில் கிட்டத்தட்ட 15 சென்ரிமீற்றர். பல்கனிக் கம்பியின் தடிப்போ 2 சென்ரிமீற்றர். அப்படியென்றால் அந்த மேப்பைப் பொறுத்தவரை கம்பி என்ற ஒன்றே கிடையாது. சில இடத்தில் டெக்ஸலின் நடுவில் கம்பி அகப்பட்டால் 15 சென்ரிமீற்றர் தூண் மாதிரி நிழல் விழும், அகப்படாவிட்டால் ஒன்றுமே விழாது. கமெரா நகர மேப்பும் நகர்ந்தால், அகப்படுகிற கம்பியும் மாறிக்கொண்டே இருக்கும். எறும்பு அதுதான்.

இப்போது திரைப் பக்கம். 1920 பிக்சல் அகலத் திரை, கிடையாக 60 பாகை பார்வை. 2 மீற்றர் தூரத்தில் ஒரு பிக்சல் தரையில் 1.2 மில்லிமீற்றர். அங்கே ஒரு 15 சென்ரிமீற்றர் டெக்ஸல் 120 பிக்சலுக்கு மேல் விரிந்து கிடக்கும். 50 மீற்றரில் அதே டெக்ஸல் 5 பிக்சல். 240 மீற்றரில்தான் ஒன்றுக்கு ஒன்று. அதாவது தூரத்துக் கடற்கரைக்குப் போதுமான மேப், காலடிக்கு நூறு மடங்கு போதாது. இதைப் பெர்ஸ்பெக்டிவ் ஏலியாசிங் என்பார்கள்.

இன்னொன்று புரொஜெக்டிவ் ஏலியாசிங். கமெராவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெயில் எந்தப் பரப்பை உரசிக்கொண்டு போகிறதோ, அந்தப் பரப்பில் டெக்ஸல் இழுபடும். சூரியன் அடிவானத்திலிருந்து 5 பாகை உயரத்தில் இருந்தால் தரையில் டெக்ஸல் 11 மடங்குக்கு மேல் நீளும். 10 பாகையில் கிட்டத்தட்ட 6 மடங்கு. கொழும்பில் இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஏப்ரல் முதற்பாதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேரே தலைக்கு மேல் வரும். அந்த நேரத்தில் தரை வடிவாக இருக்கும், சுவர்கள்தான் கெட்டுப்போகும். என் காட்சிகளை இந்த இரண்டு நேரத்திலும் வைத்துப் பார்க்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை.

முதலில் கண்ணால் பாருங்கள்

எதையும் திருத்த முன், ஷேடோ மேப்பின் டெக்ஸல்களைத் தரையில் சதுரங்கப் பலகை மாதிரி வரைந்துவிடுங்கள். ஷேடரில் மூன்று வரி வேலை. புள்ளியின் மேப் ஆயத்தொலைவை மேப்பின் அளவால் பெருக்கி, முழு எண்ணாக்கி, இரண்டையும் கூட்டி, ஒற்றையா இரட்டையா என்று பார்த்து நிறத்தை மாற்றுங்கள். காலடியில் கட்டம் கட்டமாகப் பெரிய சதுரம் தெரிந்தால் பெர்ஸ்பெக்டிவ். ஒரு திசையில் மட்டும் பட்டை பட்டையாக நீண்டால் புரொஜெக்டிவ். கமெரா நகரும்போது சதுரங்கள் தரையோடு ஒட்டி நிற்காமல் வழுக்கினால், எறும்பு இருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு. எது நோய் என்று தெரியாமல் ஃபில்டரைப் பூசி நான் இழந்த நாட்கள் அதிகம்.

இன்னொன்று. நின்ற படத்தில் நிழலைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷொட்டில் அருமையாக இருக்கிற நிழல், நடக்கும்போது கொதிக்கும். செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் வேகத்தில் கமெராவை ஊர விட்டு, வீடியோவாகப் பதிந்து, ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். வேகமாக நடந்தால் கண் மன்னித்துவிடும். மெல்ல நடந்தால் மன்னிக்காது.

டெக்ஸலைக் காலடிக்குக் கொண்டுவருவது

மலிவான வேலையை முதலில் செய்யுங்கள். சூரியக் கமெராவின் பெட்டி, காட்சி முழுவதையும் மூடத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரிகிற பகுதியை மூடினால் போதும். ஆழத் திசையிலும் அப்படியே. 16 பிட் ஆழம் பாவித்து 300 மீற்றர் வீச்சு வைத்தால் ஒரு படி 4.6 மில்லிமீற்றர். 60 மீற்றராகக் குறைத்தால் ஒரு மில்லிமீற்றருக்கும் கீழே. சூரியனுக்கும் பெட்டிக்கும் இடையில் நிற்கும் உயரக் கட்டடம் வெட்டுப்பட்டு அதன் நிழல் காணாமல் போகாமல் இருக்க, டெப்த் கிளாம்ப்பைப் போட்டுவிடுங்கள். பெட்டிக்கு முன்னால் நிற்பவை எல்லாம் பெட்டியின் முகப்பில் அப்பளம் மாதிரி தட்டையாகி ஒட்டிக்கொள்ளும். நிழலுக்கு அது போதும்.

அடுத்தது கேஸ்கேட். கமெராவின் பார்வைக் கூம்பை ஆழவாக்கில் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி மேப். எங்கே வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சம தூரமாக வெட்டினால் காலடிக்கு எதுவும் மிஞ்சாது. லாக் முறையில் வெட்டினால் கணக்கு மிகச் சரி, ஆனால் முதல் துண்டு மூக்குக்கு முன்னாலேயே முடிந்துவிடும். 2006இல் ஃபான் ஷாங்கும் கூட்டாளிகளும் எழுதிய வழி, இரண்டையும் ஒரு விகிதத்தில் கலப்பது. அந்த விகிதத்தை லாம்டா என்பார்கள்.

என் காட்சியில் தொடக்கம் 0.5 மீற்றர், முடிவு 200 மீற்றர், நான்கு துண்டு. தனி லாக் என்றால் எல்லைகள் 2.2, 10, 45, 200. தனிச் சமன் என்றால் 50, 100, 150, 200. லாம்டா 0.9 வைத்தால் 7, 19, 55, 200. நான் இதைத்தான் வைக்கிறேன். தொடக்கத்தை 0.5 என்று நானே கொடுத்ததைக் கவனியுங்கள். கமெராவின் உண்மையான நியர், அதாவது அது வரையத் தொடங்கும் தூரம், 0.1 மீற்றர். அதைக் கணக்கில் போட்டால் லாக் முறையில் முதல் துண்டு 67 சென்ரிமீற்றரில் முடிந்துவிடும். வீட்டுக்குள் நடக்கிறவர் தன் கால் பெருவிரலைக்கூடப் பார்க்க முடியாத தூரம் அது. கணக்குக்குத் தொடக்கம் 0.5, ஆனால் முதல் துண்டு 0.1இலிருந்தே மூடட்டும்.

இதனால் கிடைப்பது என்ன? 7 மீற்றர் வரையான முதல் துண்டைச் சுற்றி ஒரு கோளம் போட்டால் விட்டம் ஏறக்குறைய 10 மீற்றர். அதை 2048ஆல் பிரித்தால் ஒரு டெக்ஸல் 5 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 2 சென்ரிமீற்றர் கம்பிக்கு நான்கு டெக்ஸல். 15 சென்ரிமீற்றரிலிருந்து 5 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டோம், இன்னும் ஒரு ஃபில்டரையும் தொடவில்லை. நான்கு மேப்பும் 32 பிட் என்றால் 64 மெகாபைட். 16 பிட் என்றால் பாதி.

மேப்பையே வளைத்து, கிட்ட உள்ளதற்கு அதிக இடம் கொடுக்கும் முறைகளும் உண்டு. ஸ்டாமிங்கரும் ட்ரெட்டாகிஸும் 2002இல் எழுதிய பெர்ஸ்பெக்டிவ் ஷேடோ மேப், விம்மர் குழு 2004இல் எழுதிய லைட் ஸ்பேஸ் முறை. இவற்றின் கணிதம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனாலும் பாவிப்பதில்லை. சூரியனை நோக்கிப் பார்க்கும்போது இந்த வளைவால் பயன் கிடைக்காது, பழைய சாதாரண மேப்பாகவே ஆகிவிடும். கொழும்பில் பின்னேரப் பல்கனியில் நிற்கிற எவரும் எங்கே பார்ப்பார்? கடலை. கடலுக்கு மேல்தான் சூரியன்.

அசையாமல் நிறுத்துவது

எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். எறும்பு சாவது இங்கேதான். டெக்ஸல் எவ்வளவு சிறிதானாலும், அது தரையோடு ஒட்டி நிற்காவிட்டால் விளிம்பு ஊரும். டெக்ஸல் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும், அசையாமல் நின்றால் கண் அதைத் தரையின் அமைப்பென்று ஏற்றுக்கொள்ளும்.

இரண்டு காரணத்தால் டெக்ஸல் அசைகிறது. கமெரா திரும்பும்போது பெட்டியின் அளவு மாறுகிறது. கமெரா நகரும்போது பெட்டி டெக்ஸலின் பின்னங்களில் நகர்கிறது. முதலாவதுக்கு மருந்து, துண்டைச் சுற்றிப் பெட்டி போடாமல் கோளம் போடுவது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கோளத்தின் விட்டம் மாறாது. கொஞ்ச டெக்ஸல் வீணாகும், போகட்டும். இரண்டாவதுக்கு, கோளத்தின் மையத்தை சூரியனின் ஆயத்தொலைவுக்கு மாற்றி, டெக்ஸல் அளவால் பிரித்து, கீழ் முழு எண்ணாக்கி, திரும்பப் பெருக்குவது. இனிப் பெட்டி நகர்ந்தால் முழு டெக்ஸல் கணக்கில்தான் நகரும்.

நான் இதைச் செய்த பிறகும் எறும்பு போகவில்லை. இரண்டு நாள் மினக்கெட்டேன். சதுரங்கப் பலகை பெரும்பாலும் நின்றது, இடையிடையே ஒரு துடிப்பு மட்டும். கடைசியில் கோளத்தின் ஆரையை ஒவ்வொரு ஃபிரேமிலும் திரையில் எழுதிப் பார்த்தேன். 5.0க்குப் பிறகு ஐந்தாம் ஆறாம் தசம இடங்கள் ஆடிக்கொண்டிருந்தன. கூம்பின் எட்டு மூலைகளையும் ஒவ்வொரு முறையும் உலக ஆயத்தொலைவில் கணக்கிட்டு ஆரையை எடுத்திருந்தேன். கமெரா திரும்பத் திரும்ப மிதவைப் புள்ளிப் பிழை மாறி, ஆரை ஒரு மயிரிழை மாறி, டெக்ஸல் அளவும் மாறி, முழு எண்ணாக்கும் இடத்தில் ஒரு டெக்ஸல் தாவியது. ஆரையைப் பார்வைக் கோணத்திலிருந்து ஒரே முறை கணக்கிட்டு, பதினாறில் ஒரு மீற்றருக்கு மேல்நோக்கி முழுமைப்படுத்தி வைத்தேன். துடிப்பு நின்றது.

இதே இடத்தில் இன்னொரு பொறி. டெம்போரல் அன்டி ஏலியாசிங் (முந்திய ஃபிரேம்களோடு கலந்து விளிம்பை ஆற்றும் முறை) போட்டிருந்தால் கமெரா அணியில் (மேட்ரிக்ஸில்) ஒவ்வொரு ஃபிரேமும் சிறு நடுக்கம் சேர்ப்பீர்கள். அந்த நடுக்கம் சேர்ந்த அணியிலிருந்து நிழல் கூம்பை எடுக்க வேண்டாம். நடுக்கம் இல்லாத அணியை வேறாக வைத்திருங்கள்.

சூரியனே நகர்ந்தால்? எங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பின்னேரத்தைக் காட்டும் ஸ்லைடர் இல்லாமல் சரிவராது. சூரியன் திரும்பினால் கட்டம் முழுவதும் திரும்பும், அப்போது ஊர்வதை நிறுத்த வழியில்லை. ஸ்லைடரை இழுக்கும் நேரத்துக்கு மட்டும் ஃபில்டரை அகலமாக்கி, விட்டதும் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறேன். தானாக நேரம் ஓடுகிற காட்சி என்றால் சூரியனைத் தொடர்ந்து திருப்பாமல் சில செக்கனுக்கு ஒருமுறை சிறு படியாகத் திருப்புங்கள்.

பயஸ்

ஒரு டெக்ஸல் முழுவதற்கும் ஒரே தூரம்தான் பதிந்திருக்கிறது. சரிவான பரப்பில் அந்த டெக்ஸலின் பாதி, பதிந்த தூரத்துக்கு முன்னால் இருக்கும், பாதி பின்னால். பின்னால் உள்ள பாதி தன்மீதே நிழல் விழுத்திக்கொள்ளும். வெயில் படுகிற தரையில் கறுப்பு வரி வரியாகத் தெரிவது இதனால்தான். ஷேடோ ஆக்னி என்பார்கள். ஒப்பிடும் முன் கொஞ்சம் தள்ளி வைத்தால் போய்விடும். அதிகம் தள்ளினால் கம்பியின் அடிக்கும் நிழலுக்கும் இடையில் வெளிச்சம் தெரியும், கம்பி தரையில் நிற்காமல் மிதக்கும்.

எவ்வளவு தள்ளுவது என்று கையால் எண் தேடாதீர்கள். தேவையான அளவு, அரை டெக்ஸலை வெயிலுக்கும் நோர்மலுக்கும் (பரப்புக்குச் செங்குத்தான திசை) இடைப்பட்ட கோணத்தின் டேனால் பெருக்கியது. ஆகவே பயஸை எப்போதும் டெக்ஸல் அளவில் எழுதுங்கள். முதல் கேஸ்கேட்டில் டெக்ஸல் 5 மில்லிமீற்றர், நான்காவதில் 13 சென்ரிமீற்றர். இரண்டுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? டேன் உரசும் கோணத்தில் எல்லை இல்லாமல் கூடும் என்பதால், நான் ஆழத்தில் தள்ளுவதைக் குறைத்து, புள்ளியை நோர்மல் திசையில் ஒன்றரை டெக்ஸல் அளவு, கோணத்தின் சைனால் பெருக்கி நகர்த்திய பின் மேப்பில் தேடுகிறேன். சுவர்களுக்கு இது மிக நன்றாக வேலை செய்யும். ஃபில்டர் அகலமானால் பயஸும் கூட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பின்முகங்களை மட்டும் மேப்பில் வரையும் பழைய உத்தி தடித்த சுவருக்குச் சரி. திரைச்சீலைக்கும் ஒற்றைத் தகட்டுக்கும் சரிவராது.

இனி மங்கலாக்கலாம்

எங்கள் வீட்டுத் தரையை ஒரு பின்னேரம் குந்தியிருந்து பார்த்தேன். கிறில் கம்பி 12 மில்லிமீற்றர். கம்பி தரையைத் தொடுகிற இடத்தில் நிழல் கத்தியால் கீறியது போல இருக்கிறது. இரண்டடி உள்ளே விளிம்பு கொஞ்சம் இளகுகிறது. ஒன்றேகால் மீற்றர் தாண்டியதும் நடுக் கறுப்பே இல்லை. சுவரில் விழுவது நிழலென்று சொல்லக்கூட முடியாத சாம்பல் கோடுகள்.

காரணம், சூரியன் புள்ளி இல்லை, வானத்தில் அரைப் பாகைக்குச் சற்றுக் கூடிய தட்டு. ஒரு மீற்றர் தூரத்துக்கு 9 மில்லிமீற்றர் வீதம் விளிம்பு இளகும். 12 மில்லிமீற்றர் கம்பிக்கு 1.3 மீற்றரில் நடுக் கறுப்பு தீர்ந்துவிடும். 5 மீற்றர் தள்ளிச் சுவரில் நின்று பார்த்தால், அந்தக் கம்பி சூரியத் தட்டில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத்தான் மறைக்கும். வெயிலே தன் நிழலை ஃபில்டர் செய்துதான் அனுப்புகிறது. ஆகவே மங்கலாக்குவது ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு மங்கலாக்குவது என்பதை வெயிலிடமே கேட்க வேண்டும்.

மங்கலாக்குவதற்கு ஒரு விதி உண்டு. ஆழத்தை ஒருபோதும் சராசரி எடுக்கக் கூடாது. கம்பியின் தூரமும் தரையின் தூரமும் சேர்ந்த சராசரி, இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் ஒரு இடம். அங்கே எதுவும் இல்லை. ஒவ்வொரு சாம்பிளையும், அதாவது மேப்பில் வாசிக்கும் ஒவ்வொரு புள்ளியையும், தனித்தனியே ஒப்பிட்டு, மறைவா வெயிலா என்ற விடைகளைச் சராசரி எடுக்க வேண்டும். ரீவ்ஸ், சாலெசின், குக் மூவரும் 1987இல் எழுதிய பிசிஎஃப் இதுதான். இன்றைய ஜீபியு (வரைகலைச் சில்லு), மேப்பை வாசித்து ஒப்பிடும் ஒப்பீட்டு சாம்ப்ளரில் லீனியர் ஃபில்டர் போட்டால் ஒரே வாசிப்பில் நான்கு டெக்ஸலை ஒப்பிட்டுக் கலந்து தரும். அதை முதலில் இயக்குங்கள். பலர் இதைக்கூடப் போடாமல் ஷேடரில் சுற்று எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

அதற்கு மேல், வட்டத்துக்குள் 16 சாம்பிள். வோகல் முறையில், ஒவ்வொரு சாம்பிளையும் முந்தியதிலிருந்து 137.5 பாகை திருப்பி, மையத்திலிருந்து தூரத்தை வர்க்கமூலத்தில் கூட்டிக்கொண்டு போனால் சீராகப் பரவும். சூரியகாந்திப் பூவின் விதை அடுக்கு இதே கோணம். ஒவ்வொரு பிக்சலிலும் வட்டத்தைச் சற்றுச் சுழற்றிவிட்டால், பட்டைகள் உடைந்து மெல்லிய இரைச்சலாகும். சுழற்சிக்கு, ஹோர்ஹே ஹிமெனெஸ் 2014இல் அறிமுகம் செய்த இன்டர்லீவ்ட் கிரேடியன்ட் நொய்ஸ் ஒரு வரியில் வரும். ஆனால் கவனம். இந்த இரைச்சலை ஆற்ற டெம்போரல் அன்டி ஏலியாசிங் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் சுழற்றினால் விரட்டிய எறும்பை நாமே கூட்டிக்கொண்டு வருகிறோம். அப்போது சுழற்றாமல் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் கூடாரவடிவ எடையோடு எடுங்கள்.

ஃபில்டரின் அகலத்தை டெக்ஸலில் எழுதாமல் மீற்றரில் எழுதுங்கள். டெக்ஸலில் எழுதினால் கேஸ்கேட் மாறும் இடத்தில் நிழல் திடீரென்று தடிக்கும். பயஸுக்கு டெக்ஸல், ஃபில்டருக்கு மீற்றர். வலுவில்லாத கணினிக்கு நான் 2.5 சென்ரிமீற்றர் நிலையாக வைக்கிறேன். பல்கனிக் கம்பிக்கும் தரைக்கும் இடையிலான தூரங்களுக்கு அது கண்ணுக்கு ஒவ்வுகிறது. தூரக் கேஸ்கேட்டில் அது ஒரு டெக்ஸலுக்கும் குறைவாகிவிடும் என்பதால், ஒன்றரை டெக்ஸலுக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

வலுவான கணினி என்றால் ரண்டிமா ஃபெர்னாண்டோ 2005இல் சொன்ன பிசிஎஸ்எஸ். முதலில் சுற்றுவட்டத்தில் மறிப்பவற்றின் சராசரித் தூரத்தைத் தேடி, அதிலிருந்து இளகலின் அகலத்தைக் கணக்கிட்டு, அந்த அகலத்துக்கு ஃபில்டர் செய்வது. சூரியனுக்குக் கணக்கு இன்னும் எளிது. கதிர்கள் சமாந்தரம் என்பதால், தரையின் ஆழத்திலிருந்து மறிப்பானின் ஆழத்தைக் கழித்து 0.0093ஆல் பெருக்கினால் அகலம் மீற்றரில் வந்துவிடும். இதைப் போட்ட அன்று திரையில் கம்பியின் அடி கூராகவும் சுவர்ப்பக்கம் சாம்பலாகவும் வந்ததைப் பார்த்து, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நேரம் என்ன, ஆறாகுதோ?" என்று கேட்டார்.

வேரியன்ஸ் ஷேடோ மேப் பற்றியும் கேட்பீர்கள். 2006இல் டொனெல்லியும் லோரிட்ஸனும் எழுதியது. ஆழத்தையும் ஆழத்தின் வர்க்கத்தையும் பதிந்து வைத்தால் மேப்பையே மங்கலாக்கலாம், மிப்மேப்பும் (சிறிதாக்கிய பிரதிகள்) எடுக்கலாம். வேகமானது. ஆனால் ஒரு நிழலுக்குள் இன்னொரு நிழல் விழும் இடத்தில் வெளிச்சம் கசியும். எங்கள் கட்டடங்களில் மேல் மாடியின் சீலிங் நிழலுக்குள்தான் கீழ்ப் பல்கனியின் கம்பி நிழல் விழுகிறது. எனக்குச் சரிவரவில்லை. பீட்டர்ஸும் க்ளைனும் 2015இல் எழுதிய மொமென்ட் ஷேடோ மேப்பில் கசிவு குறைவு.

படுத்த வெயில், தென்னோலை, கேஸ்கேட் மூட்டு

5 பாகைச் சூரியனில் டெக்ஸல் 5 மில்லிமீற்றராக இருந்தாலும் தரையில் கிட்டத்தட்ட 6 சென்ரிமீற்றர் நீளும் என்று மேலே உள்ள கணக்கே சொல்கிறது. கேஸ்கேட்டால் இதை மாற்ற முடியாது. நல்ல காலம், அந்தக் கோணத்தில் தரைக்கு வரும் நேரடி வெயில் தலைக்கு மேல் சூரியன் நிற்கும்போது வருவதில் பத்திலொன்றுக்கும் குறைவு, பிழையும் அதே அளவுக்கு மங்கும். அதைத் தாண்டித் தெரிந்தால், சூரியன் 10 பாகைக்குக் கீழே இறங்கும்போது ஃபில்டரை மெல்ல அகலமாக்குங்கள். கம்பி தரையில் விழுத்தும் நிழலும் அப்போது நெடுந்தூரம் போய் உண்மையிலேயே இளகித்தான் இருக்கும்.

தென்னோலையை அல்பா டெஸ்ட்டில் (ஒளிபுகா அளவு ஒரு எல்லைக்குக் கீழே உள்ள பிக்சலை விட்டுவிடும் முறை) வெட்டும்போது, தூரக் கேஸ்கேட்டில் ஓலையே காணாமல் போய் மரம் மொட்டையாக நிழல் விழுத்தும். ஒவ்வொரு கேஸ்கேட்டிலும் வெட்டு எல்லையைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

கேஸ்கேட்டைத் தூரம் பார்த்துத் தெரிவு செய்யாமல், புள்ளி எந்தச் சின்ன மேப்புக்குள் விழுகிறதோ அதை எடுங்கள். கோளம் துண்டைவிடப் பெரியது என்பதால் நுணுக்கமான மேப் இன்னும் கொஞ்சத் தூரத்துக்கு உதவும். எல்லையில் கடைசிப் பத்திலொரு பங்கில் இரண்டையும் கலந்துவிடுங்கள், மூட்டுக் கோடு தெரியாது.

விற்பனை அறையில் பெரும்பாலும் ஒரு மடிக்கணினிதான் இருக்கும், தனி ஜீபியுவும் இருக்காது. அங்கே செலவைக் குறைக்க நான் வெட்டுகிற ஒழுங்கு இது. முதலில் பிசிஎஸ்எஸ் போகும். பிறகு 16 சாம்பிள் 9 ஆகும். பிறகு கடைசி இரண்டு கேஸ்கேட்டையும் ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் மாறி மாறி வரைவேன். அப்போது வரையாத மேப்புக்கு அது வரைந்த நேரத்து அணியையே பாவிக்க வேண்டும். பிறகு தூர மேப்புகளை 1024 ஆக்குவேன். முதல் கேஸ்கேட்டின் 2048ஐ விட்டுக்கொடுப்பதில்லை, கம்பிக்கு நான்கு டெக்ஸல் அங்கேதான் கிடைக்கிறது. கோளத்தையும் டெக்ஸலுக்கு முழுமைப்படுத்துவதையும் எந்தக் கணினியிலும் கழற்றுவதில்லை. அதற்குச் செலவு ஃபிரேமுக்குச் சில பெருக்கலும் ஒரு முழு எண்ணாக்கலும்தான்.